நெஞ்சில் குழாயோடு போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு: எந்த விமானம், என்ன முன்னேற்பாடு?

கேள்வி இது: போர்ட் பிளேரில் ஸ்கூட்டர் விபத்து. கேட்பவரின் மைத்துனருக்கு இடது பக்கம் நான்கு விலா எலும்புகள் முறிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததால் நெஞ்சில் குழாய் போட்டிருக்கிறார்கள். மண்ணீரல் கிழிந்ததால் வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்து இன்று நான்காவது நாள். தொடை எலும்பும் முறிந்திருக்கிறது. அதைச் சென்னையில் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார்கள். பயணிகள் விமானத்திலேயே ஸ்ட்ரெச்சர் போட்டுக் கொண்டுவந்துவிடலாம், செலவு குறைவு என்கிறார் ஒருவர். ஏர் ஆம்புலன்ஸ் தவிர வழியில்லை என்கிறார் இன்னொருவர். மைத்துனரின் அம்மாவும் உடன் வருவேன் என்று நிற்கிறார். என்ன செய்வது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பயணிகள் விமானம் இப்போது வேண்டாம். ஏர் ஆம்புலன்ஸில் கொண்டுவரலாம். ஆனால் கீழே சொல்லும் வேலைகள் அங்கே வார்டிலேயே முடிந்திருந்தால் மட்டும். மயக்க மருந்து மருத்துவராக இப்படிப்பட்ட நோயாளிகளோடு பல முறை பறந்திருக்கிறேன். வானில் நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தரையில் விட்டுப்போன ஏதோ ஒரு சிறு வேலையால் வருபவை. பறக்கத் தொடங்கிய பிறகு நம் கையில் இருப்பவை மிகக் குறைவு. இடம் கிடையாது, வெளிச்சம் போதாது, இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் பயன்படாது, மாற்று மருத்துவரைக் கூப்பிடவும் முடியாது.

விமானத்துக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பதால் நாம் அந்த உயரத்தை உணர்வதில்லை. ஆனால் அந்த அழுத்தம் தரையில் இருப்பது போலவும் இருப்பதில்லை. பயணிகள் விமானத்தின் கேபினில் அதிகபட்சமாக 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தம் வரை குறையலாம். அது ஏறக்குறைய 2,440 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். ஆக, உங்கள் மைத்துனரை விமானத்தில் ஏற்றினால், அரை மணி நேரத்துக்குள் அவரைக் கடற்கரையிலிருந்து ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறீர்கள். நலமாக இருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. அடிபட்ட உடம்புக்கு இரண்டு விஷயங்கள் மாறிவிடும்.

ஒன்று, ஆக்சிஜன். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 8,000 அடியில் சுமார் 565. காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான், அது மாறுவதில்லை. ஆனால் மொத்த அழுத்தம் குறைவதால், தரையில் வெறும் 15 அல்லது 16 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமமாகிவிடுகிறது. விரலில் மாட்டும் கருவியில் 98 காட்டும் ஆரோக்கியமான ஆளுக்கே தொண்ணூறின் தொடக்க எண்களுக்கு இறங்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது ஏரிக்கரை மேல் நடப்பது போன்றது. கரையின் மேற்பரப்பு அகலம், சில அடி இப்படி அப்படிப் போனாலும் ஒன்றும் ஆகாது. விளிம்பைத் தாண்டிவிட்டால் நேரே சரிவு. விலா முறிந்து நுரையீரலில் கன்றல் (அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டுவது) உள்ளவர் ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கிறார். நுரையீரல் கன்றல் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியும். நான்காம் நாளில் அவருக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறதா, குறைகிறதா என்பதுதான் அங்குள்ள மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கூடிக்கொண்டு போனால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அவசியம் போயே ஆக வேண்டும் என்றால், செயற்கைச் சுவாசம் தேவைப்படுமா என்பதைத் தரையிலேயே தீர்மானித்து, தேவையென்றால் அங்கேயே சுவாசக் குழாயைப் போட்டுவிட வேண்டும். நடுவானில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்புவது பெரிய தவறு.

இரண்டு, அடைபட்ட காற்று. ஊட்டி மலை ஏறும் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே உயரத்தில் உடம்புக்குள் மாட்டிக்கொண்ட காற்றும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விரியும். அது எங்கே மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்து. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே இருந்தால் நுரையீரலை நசுக்கும், இதயத்தையும் தள்ளும். புதிதாகத் தைத்த குடலுக்குள் இருந்தால் தையலை இழுக்கும். மண்டையைத் திறந்து அறுவை செய்தவருக்கு உள்ளே தங்கிய காற்று மூளையை அழுத்தும். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், அது விரிந்து கண்ணின் இரத்த ஓட்டத்தையே நிறுத்திப் பார்வையைப் பறித்துவிடலாம். வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை அவர்கள் பறக்கக் கூடாது. இந்த இடத்தில் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரிவதில்லை: அப்படிப்பட்டவர் காரில் கொடைக்கானல் போவதும் அதே ஆபத்துதான்.

இப்போது உங்கள் மைத்துனருக்கு வருவோம். நெஞ்சில் குழாய் இருப்பதால் பறக்க முடியாதோ என்று நீங்கள் பயப்படுவது தெரிகிறது. உண்மை அதற்கு நேர்மாறு. ஒழுங்காக வேலை செய்யும் குழாய்தான் அவருக்கு வானில் காப்பு. விரியும் காற்றுக்கு அது வெளியே போக வழி. “பயணத்துக்கு இடைஞ்சல், எடுத்துவிடலாம்” என்று யாராவது கிளம்பும் நாளில் குழாயை உருவ முன்வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். குழாயை எடுத்த பிறகு, நுரையீரல் முழுவதும் விரிந்திருப்பது எக்ஸ்ரேயில் உறுதியான நாளிலிருந்து, விபத்துக் காயமானால் இரண்டு வாரம் காத்திருந்துதான் சாதாரணப் பயணியாகப் பறக்க வேண்டும். குழாயோடு வருவதும் சரி, எடுத்துவிட்டு இரண்டு வாரம் பொறுப்பதும் சரி. எடுத்த மறுநாள் ஏறுவதுதான் கூடாது.

அந்தக் குழாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்ததிலேயே என்னை அதிகம் உலுக்கிய தவறு அதில்தான் நடந்தது. வார்டில் குழாயின் மறுமுனை தண்ணீருள்ள பாட்டிலுக்குள் இருக்கும். நோயாளியைத் தூக்கும்போது பாட்டில் சாய்ந்துவிடும், அல்லது நெஞ்சு மட்டத்துக்கு மேலே போய்விடும் என்ற பயத்தில் ஊழியர்கள் குழாயை இடுக்கியால் பிடித்துவிடுவார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய விமான நிலையத்தில், விமானத்தின் கதவருகே, நான் அழைத்துவந்த இளைஞனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்சிஜன் 95-லிருந்து 88-க்கு இறங்கிவிட்டது. முகமூடியைச் சரிசெய்தேன், சிலிண்டரைப் பார்த்தேன், எல்லாம் சரி. போர்வையை விலக்கினால் தொடைக்கு அருகே, மடிப்புக்குள், பளபளவென்று ஓர் இரும்பு இடுக்கி. வார்டில் போட்டதை யாரும் எடுக்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எடுத்ததும் பாட்டிலில் குபுகுபுவென்று குமிழிகள் வந்தன, இரண்டு நிமிடத்தில் அவன் பேசினான். தரையிலேயே இப்படி என்றால், ஏறிய பிறகு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றிலிருந்து, ஏற்றுவதற்கு முன் நெஞ்சிலிருந்து பாட்டில் வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே போகாமல் நான் யாரையும் விமானத்தில் ஏற்றுவதில்லை. பயணத்துக்குப் பாட்டிலுக்குப் பதிலாக ஒருவழி வால்வும் பையும் போடச் சொல்லுங்கள். வால்வை எந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்பதற்கு அதன் மேலேயே குறி இருக்கும். தலைகீழாக மாட்டினால் குழாயை அடைத்ததற்குச் சமம்.

வயிற்றைத் திறந்து அறுவை நடந்திருப்பது பயணிகள் விமானத்தை நான் மறுப்பதற்கு இன்னொரு காரணம். பெரிய வயிற்று அறுவைக்குப் பிறகு பத்து நாள் கழித்தே பறக்கலாம் என்பது விமான நிறுவனங்கள் பின்பற்றும் பொதுவான வழிகாட்டுதல். துளையிட்டுச் செய்யும் அறுவை என்றால் நான்கைந்து நாள் போதும். நான்காம் நாளில் குடல் முழுதாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது, உள்ளே காற்று தங்கும். அதனால் மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய் இருக்க வேண்டும். அதன் மறுமுனை மூடப்படாமல் பையில் திறந்திருக்க வேண்டும். அதிலும் மூடி போட்டுவிட்டு மறந்துபோவது நடக்கிறது. குடலை வெளியே திறந்து பை மாட்டிய நோயாளிகளுக்கு அந்தப் பையும் உப்பும். பெரிய பையாக மாற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

தொடை எலும்பு முறிவில் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் போயிருக்கும், மண்ணீரலிலிருந்து போனது தனி. இருக்கும் ஆக்சிஜனைச் சுமந்துபோக இரத்தம் வேண்டுமே. கிளம்பும் நாள் காலையில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 7.5-க்குக் கீழே இருந்தால் நான் ஏற்ற மாட்டேன். முதலில் இரத்தம் ஏற்றட்டும். காலில் எடை தொங்கவிட்டு இழுத்துக் கட்டியிருந்தால் அதை விமானத்தில் அப்படியே கொண்டுவர முடியாது. விமானம் குலுங்கும்போது எடை ஊசலாடி எலும்பை ஆட்டும். சட்டம் வைத்து நிலையாகக் கட்டிய இழுவைக்கு மாற்ற வேண்டும். மாவுக்கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகவில்லையென்றால் நீளவாக்கில் பிளந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீக்கம் கூடி உள்ளே இரத்த ஓட்டம் நின்றுவிடும். காற்றடைத்த கட்டுகள் வேண்டவே வேண்டாம். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

சுவாசக் குழாய் போட்டு அழைத்துவர நேர்ந்தால் ஒரு விஷயம். அந்தக் குழாயின் நுனியில், மூச்சுக்குழாய்க்குள், காற்றடைத்த சிறு வளையம் உண்டு. வெளியே அதன் நிலையைக் காட்ட ஒரு சின்ன பலூன் தொங்கும். தரையில் விரலிடுக்கில் பிடித்தால் அது காதுமடல் போல மெத்தென்று இருக்கும். விமானம் ஏற ஏற விரலுக்கடியிலேயே அது இறுகுவது தெரியும். சிறிது நேரத்தில் பச்சைப் பட்டாணி போல ஆகிவிடும். உள்ளே அதே இறுக்கம் மூச்சுக்குழாயின் சுவரை நெரித்துக்கொண்டிருக்கிறது. ஏறும்போது காற்றை எடுக்க வேண்டும், இறங்கும்போது திரும்ப அடைக்க வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் தளர்ந்து காற்று கசியும். சிலர் காற்றுக்குப் பதிலாக உப்புநீரை நிரப்புவார்கள். எந்த முறையானாலும் சரி, அழுத்தம் அளக்கும் கருவி பையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே உங்களோடு பேசுபவர் மருத்துவக் குழுவா, வெறும் இடைத்தரகரா என்பது தெரிந்துவிடும்.

இந்த அறிவெல்லாம் அடிபட்டுத்தான் வந்தது. 1943 ஜனவரியில் எல்சி ஆட் என்ற அமெரிக்க ராணுவ நர்ஸ், கராச்சியிலிருந்து வாஷிங்டனுக்கு ஐந்து நோயாளிகளை விமானத்தில் அழைத்துப் போனார். அதற்கு முன் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. முன்னறிவிப்பு ஒரே ஒரு நாள். நோயாளிகளில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் இருந்தார்கள், காசநோயாளி இருந்தார். மருத்துவர் உடன் இல்லை, ஓர் உதவியாளர் மட்டும். ஆறு நாளுக்கு மேல் ஆயிற்று, ஐவரையும் கொண்டுசேர்த்துவிட்டார். கப்பலில் போயிருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, போய்ச் சேர்ந்ததும் அவர் எழுதிக் கொடுத்த பட்டியல்: ஆக்சிஜன் வேண்டும், கட்டுப்போடும் துணி இன்னும் அதிகம் வேண்டும், கம்பளி வேண்டும், நர்ஸுக்குப் பாவாடைக்குப் பதில் கால்சட்டை வேண்டும். குனிந்து நிமிர்ந்து வேலை செய்த ஒருவர் மட்டுமே எழுதக்கூடிய பட்டியல் அது.

கொரியப் போரில் சிறிய ஹெலிகாப்டர்களின் வெளிப்புறத்தில், இரு பக்கமும் ஸ்ட்ரெச்சரைக் கட்டிக் காயமடைந்தவர்களைக் கொண்டுபோனார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள், பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் வழியில் யாருடைய கையும் அவர்களைத் தொட முடியாது. வியட்நாமில் வந்த பெரிய ஹெலிகாப்டர்களில் ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது, பக்கத்தில் மருத்துவ உதவியாளர் உட்கார்ந்தார். போகிற வழியிலேயே சிகிச்சை தொடர்ந்தது. இன்றைய சிறிய ஏர் ஆம்புலன்ஸுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். அவற்றில் ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கச் சுவரை ஒட்டி இருக்கும், மருத்துவருக்கு ஒரு பக்கம்தான் எட்டும். உங்கள் மைத்துனருக்குக் குழாய் இடது பக்கம். அந்தப் பக்கம் நடைவழியைப் பார்க்குமாறு அவரைப் படுக்க வைக்க வேண்டும். சுவர்ப்பக்கம் போய்விட்டால் குழாய் மடங்கினாலும் தெரியாது. குழுவினரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏர் ஆம்புலன்ஸில் கிடைக்கும் பெரிய வசதி, கேபின் உயரத்தைப் பற்றி, அதாவது உள்ளே எந்த உயரத்துக்கான அழுத்தத்தை வைப்பது என்பதைப் பற்றி, விமானியிடம் பேச முடியும் என்பது. விமானம் தாழ்வாகப் பறந்தால் கேபினில் கடல்மட்ட அழுத்தத்தையே வைத்திருக்கலாம். இதற்காகப் பயன்படும் சிறிய டர்போபிராப் (விசிறி சுழலும்) விமானங்களில் அதற்குச் சுமார் 15,000 அடி அல்லது அதற்கும் கீழேதான் பறக்க வேண்டியிருக்கும். தாழ்வாகப் பறந்தால் எரிபொருள் அதிகம் செலவாகும், வேகம் குறையும், மேகத்துக்குள் குலுக்கலும் அதிகம். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர், நடுவே இறங்க இடமில்லாத வங்காள விரிகுடா. அதனால் இது விமானி எரிபொருள் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய விஷயம், நாம் அடம்பிடிக்க வேண்டியதல்ல. வேலை செய்யும் நெஞ்சுக் குழாய் இருக்கும் உங்கள் மைத்துனருக்கு 4,000 அல்லது 5,000 அடிக்குள் கேபின் உயரம் கிடைத்தால் போதும் என்று நான் கேட்பேன். மண்டைக்குள் காற்று தங்கியவர் என்றால் கடல்மட்டம் தவிர வேறெதற்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆக்சிஜன் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வார்டிலிருந்து விமானம் வரை ஒரு மணி நேரம், வானில் மூன்று மணி நேரம், சென்னை நெரிசலில் ஒரு மணி நேரம்; மொத்தம் 300 நிமிடம். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் 2,400 லிட்டர். விமானம் தாமதமாகலாம், அவருடைய தேவை கூடலாம், ஆகவே இரட்டிப்பாக வையுங்கள்: 4,800. நம் ஊரில் ‘பி டைப்’ என்று சொல்லும் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். மூன்று சிலிண்டருக்கும் மேலே வேண்டும், இரு முனை ஆம்புலன்ஸ்களையும் சேர்த்து. “ஒன்று இருக்கிறது, போதும்” என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பயணிகள் விமானத்தில் ஸ்ட்ரெச்சர் என்பது மோசமான ஏற்பாடு அல்ல. நிலை தேறியவர்களுக்கு நல்ல வழி. பின்பக்க இருக்கைகளை மடக்கி அதன்மேல் ஸ்ட்ரெச்சர் பொருத்துவார்கள். அத்தனை இருக்கைக்கும் கட்டணம் உண்டு. மருத்துவர் நிரப்பிய படிவத்தை விமான நிறுவனத்தின் மருத்துவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், அதற்கே இரண்டு மூன்று நாள் ஆகும். மூன்று வாரம் கழித்து, குழாய் எடுத்து, தையல் ஆறி, கால் மட்டும் பிரச்சினையாக இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். இன்றைக்கு அவருக்குத் தேவைப்படுவது உடன் ஒரு தீவிர சிகிச்சை மருத்துவர், மானிட்டர், உறிஞ்சு கருவி. அவை அங்கே கிடையாது.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் அங்குள்ள அறுவை மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: சென்னையில் கிடைக்கும், இங்கே கிடைக்காத சிகிச்சை எது? தொடை எலும்பை அங்கேயே சரிசெய்ய முடியும் என்று அவர் சொன்னால், இத்தனை பாடு எதற்கு? சொந்தக்காரர்கள் எல்லாம் சென்னையில் இருக்கிறார்கள் என்பது நான்காம் நாளில் ஒருவரைப் பறக்க வைக்கப் போதுமான காரணம் அல்ல. முடியாது என்றால் தயங்க வேண்டாம். தொடை எலும்பை நீண்ட நாள் அப்படியே விட்டுவைப்பதும் நுரையீரலுக்கு நல்லதல்ல.

ஏற்பாடு செய்யும்போது, சென்னை மருத்துவமனையில் படுக்கையும், பொறுப்பேற்கும் மருத்துவரின் பெயரும் எழுத்தில் கிடைத்த பிறகே விமானத்தை உறுதிசெய்யுங்கள். வரும் மருத்துவர் நேரே வார்டுக்கு வந்து தானே சோதித்துப் பார்க்க வேண்டும். ஓடுபாதையில் காத்திருந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை ஏற்காதீர்கள். கிளம்பும் நாள் காலை எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்கேன் சிடி, அறுவைக் குறிப்பு, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது என்ற தாள், எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். மண்ணீரலை எடுத்துவிட்டார்களா, தைத்துக் காப்பாற்றினார்களா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். எடுத்துவிட்டார்கள் என்றால் பிறகு சில தடுப்பூசிகள் கட்டாயம் போட வேண்டும். இந்த ஒரு வரி விடுபட்டு அவதிப்பட்டவர்கள் உண்டு.

உங்கள் மாமியாரைப் பற்றி. சிறிய விமானங்களில் பொதுவாக உறவினர் ஒருவருக்கு இடம் தருவார்கள். அவருக்கு மூச்சிரைப்போ இதயக் கோளாறோ இல்லையென்றால் அவரையே ஏற்றுங்கள். மகனுக்கு நினைவு இருக்கிறது. வலியோடு, நகர முடியாமல், பெரிய இரைச்சலுக்குள் படுத்திருக்கப்போகிறார். காதில் பஞ்சு வைத்திருப்பதால் யார் பேசுவதும் கேட்காது. மருத்துவருக்கு இடைஞ்சல் இல்லாமல், மகன் கண்ணில் படும்படி அம்மாவுக்கு இடம் தரச் சொல்லுங்கள். இறங்கத் தொடங்கியதும் காது அடைக்கும்; அப்போது எச்சில் விழுங்கச் சொல்லி, தானும் விழுங்கிக் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.